நாற்பத்தொன்றில் நான்கு

எங்கள் அணி தோற்ற ஆட்டங்களின் கணக்கு இன்னும் என்னிடம் இருக்கிறது. பச்சை அட்டை போட்ட, கட்டம் கட்டமாகக் கோடிட்ட இரண்டு கொப்பிகள். முதலாவது கோடையில் பன்னிரண்டு ஆட்டங்கள். பத்தில் தோல்வி, ஒன்று மழையால் நின்றது, ஒன்றில் வெற்றி. அந்த வெற்றியும் எதிரணியின் வாகனம் வழியில் பழுதாகி, ஏழு பேர் மட்டும் வந்து சேர்ந்ததால் கிடைத்தது. அதை வெற்றி என்று எழுதுவதா என்று அன்றைக்கு அரைமணி நேரம் யோசித்தேன். விதிப்படி வெற்றிதான். எழுதினேன். சந்தோசம் வரவில்லை.

ஆட்டம் பேஸ்போல். டென்மார்க்கின் இக்காஸ்ட் என்ற சிற்றூரில் பேஸ்போலுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான் உண்டு. நாங்கள் வேலை செய்த துணி ஆலையின் பின்னல் பகுதிக்கு மேற்பார்வையாளராக இருந்த டெனிஷ்காரர், பள்ளிக் காலத்தில் ஒரு வருடம் அமெரிக்காவில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படித்தவர். அந்த ஒரு வருடத்தை அவர் கடைசிவரை இறக்கி வைக்கவில்லை. நாங்கள் எங்களுக்குள் அவரை ‘அமெரிக்கன்’ என்றே சொல்வோம். ஊரில் ஒன்பது டெனிஷ்காரரைச் சேர்க்க அவர் ஆறு வருடம் முயன்று ஐந்து பேரைத்தான் பிடித்திருந்தார். அப்போது இலங்கையிலிருந்து அகதிகளாக நாங்கள் வந்து இறங்கினோம். கிரிக்கெட் விளையாடியவர்கள், எல்லே விளையாடியவர்கள். மட்டையும் பந்தும் கண்டால் கை சும்மா இருக்காதவர்கள். காற்பந்து மைதானத்தின் ஒரு மூலையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, எங்களையும் சேர்த்துக் கழகம் பதினைந்து பேராயிற்று.

நான் விளையாடவில்லை. அப்போதே எனக்கு நாற்பத்தாறு வயது, முழங்காலும் சரியில்லை. ஊரில் நில அளவைக் கந்தோரில் பத்தொன்பது வருடம் கிளார்க்காக இருந்தவன். இங்கே பொதி கட்டும் பகுதியில் சுவெற்றர்களைப் பெட்டிக்கு இருபத்துநான்காக எண்ணிப் போட்டேன். கணக்கு எழுத ஆள் தேவை என்றதும் அமெரிக்கன் என்னிடம்தான் வந்தார். எழுத எழுத ஆட்டத்தில் பைத்தியம் பிடித்தது. விளையாடுகிறவர்களுக்குத் தோல்வி மாலையோடு போய்விடும். எழுதுகிறவனுக்கு அது கொப்பியில் கிடக்கும்.

பேஸ்போல் அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடிக்கிறவர் பந்தை அடித்துவிட்டு நான்கு தளங்களைச் சுற்றி ஓடிவந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். தன் அடியின் பலத்தால் முதல் தளத்தை எட்டினால் அது ஹிட். எதிரணிக்காரர் பிடிக்க வேண்டிய பந்தை நழுவவிட்டதால் எட்டினால் அது பிழை. அடித்தவருக்குப் பெருமை இல்லை. எது ஹிட், எது பிழை என்று தீர்ப்பது நடுவர் அல்ல. கணக்கு எழுதுகிறவர். அதாவது நான்.

கிரிக்கெட் பழக்கம் எங்களை விடவில்லை. பேஸ்போலில் அடித்ததும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும். எங்கள் ஆட்கள் மட்டையோடு ஓடினார்கள். தளத்துக்கு இரண்டு அடி முன்னே குனிந்து, மட்டையை நீட்டித் தரையில் தேய்த்தார்கள். எதிரணிக்காரர் விலகிக்கொண்டார்கள், சிரிப்பதற்காகப் பாதி, பயத்தால் பாதி. முதலாவது கோடையில் இப்படி மட்டையோடு ஓடியது இருபத்தேழு தடவை. அதற்கென்று கடைசிப் பக்கத்தில் தனிப் பத்தி போட்டிருந்தேன்.

இரண்டாவது கோடையில் முதல் ஆறு ஆட்டங்களிலும் தோற்றோம். என்னிடம் கருத்துகள் இருந்தன. நித்திரையில்லாத அளவுக்கு இருந்தன. பந்து எறிகிற தபால்காரர் நான்காவது சுற்று வரையில் நன்றாக எறிவார், அதற்குப் பிறகு கோபத்தில் எறிவார். அவரை நான்காவதோடு நிறுத்த வேண்டும். இரண்டாம் தளத்திலும் மூன்றாம் தளத்திலும் நின்ற இருவரும் மச்சான்மார். ஏதோ கலியாண வீட்டு விசயத்தில் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. ஒருவர் கையில் பந்து வந்தால் மற்றவருக்கு எறியமாட்டார். எதிரணிக்காரர் அந்த இரண்டு தளத்துக்கும் இடையில் உலாப் போவதுபோல் போனார்கள். அவர்களைப் பிரித்து ஒருவரை வெளிக்களத்துக்கு அனுப்ப வேண்டும். அமெரிக்கன் தன்னைத்தானே நடுவில் நிறுத்தியிருந்தார்; அவர் விளையாடாமல் ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருப்பது அணிக்கு நல்லது. இதை அவரிடம் இரண்டு முறை சொன்னேன். சிரித்துவிட்டு ‘பியுட்’ என்றார். போனால் போகட்டும் என்பதற்கு டெனிஷ்காரர் சொல்லும் ஒரு சொல் அது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அதையே சொல்வார். அதைக் கேட்கக் கேட்க எனக்குத் தோல்வியைவிட அந்தச் சொல்லில்தான் ஆத்திரம் வந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வலது மூலையில் நின்ற மன்னார்க்காரர்.

அவர் சாயப் பகுதியில் வேலை செய்தார். கை மணிக்கட்டு வரை நீலம். என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவர். மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். அவர் புறப்பட்டபோது மகளுக்கு நான்கு வயது. இங்கே தங்கும் அனுமதி கிடைத்ததும் அவர்களை அழைக்க விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார். அப்படிக் காத்திருந்தவர்கள் அந்த ஊரில் மட்டும் பலர். நான் அதிர்ஷ்டக்காரன். எனக்கு முன்னமே கிடைத்துவிட்டது. எட்டு மாதத்தில் மனைவியும் இரண்டு மகன்மாரும் வந்து சேர்ந்தார்கள். எனக்குப் பிறகு கொடுத்தவர்களின் விண்ணப்பங்கள் ஏனோ அசையவில்லை. ஏன் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

தெரியாத இடத்தில் எங்களுக்குத் தெரிந்ததைச் செய்தோம். ஊரில் எந்த விண்ணப்பம் கொடுத்தாலும் நற்சான்றிதழ் வைப்போம். விதானையார் ஒன்று, பாடசாலை அதிபர் ஒன்று, சாமியார் ஒன்று. கோப்பு தடித்தால்தான் மேலே இருக்கிறவனின் கண்ணில் படும் என்பது எங்கள் நம்பிக்கை. இங்கேயும் அப்படியே. மொழி வகுப்பு ஆசிரியையிடம் ஒன்று, பாதிரியாரிடம் ஒன்று, மேல்மாடிக் கிழவியிடம் ஒன்று என்று வாங்கி வாங்கி, வெளிநாட்டாரின் விண்ணப்பங்களைப் பார்க்கும் பொலிசுக்கு அனுப்பினோம். டெனிஷ்காரர் எவரும் இப்படிச் செய்வதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கழகக் கடிதத்தாளில் சான்றிதழ் எழுதும் வேலை, கணக்கோடு கழகச் செயலாளர் பொறுப்பையும் பார்த்த என்னிடம் வந்தது. டெனிஷ் எழுத்தில் எனக்குப் பிழை குறைவு. மன்னார்க்காரருக்கு நான் தட்டச்சில் அடித்துக் கொடுத்த கடிதம் எட்டு வரி. ‘இவர் எமது முதல் அணியின் முறையான ஆட்டக்காரர்’ என்பது மூன்றாவது வரி. அவருக்கு அந்த வரிதான் பிடித்திருந்தது. வாசிக்கச் சொல்லி மூன்று முறை கேட்டார்.

ஆனால் ஆட்டக்காரராக அவர் எப்படி என்பதைக் கொப்பி சொன்னது. இரண்டு கோடையிலும் சேர்த்து நாற்பத்தொரு தடவை அடிக்க வந்தார், நான்கு ஹிட். வலது மூலைக்கு வந்த பந்து இருபத்துமூன்று, பதினான்கை விட்டார். மைதானத்தின் அந்த மூலையிலிருந்து பார்த்தால் தபால் வண்டி வரும் வீதி தெரியும். சனிக்கிழமைகளில் அவர் பந்தைப் பார்த்த நேரத்தைவிட அந்த வீதியைப் பார்த்த நேரம் அதிகம். அதை மட்டும் நான் எண்ணவில்லை.

அமெரிக்கனிடம் சொன்னேன்.

“அவர் எப்போதும் வருகிறாரே” என்று டெனிஷில் பதில் சொன்னார். “ஒரு பயிற்சியையும் தவறவிட்டதில்லை.”

“வருவது வேறு, பிடிப்பது வேறு” என்றேன்.

“வருகிறவரை நான் எப்படி வீட்டுக்கு அனுப்புவது?”

இதுதான் டெனிஷ்காரரிடம் எனக்கு விளங்காத விசயம். நாங்கள் புள்ளி போட்டுப் பழகியவர்கள். குறைந்த புள்ளி எடுத்தவன் வெளியே நிற்பான். அதில் கோபிக்க ஒன்றுமில்லை. அவர்களோ வந்தவர்கள் எல்லோரையும் நிறுத்திவிட்டுத் தோற்றார்கள்.

ஆனி மாதம் மட்டக்களப்பைச் சேர்ந்த ஒருவர் எங்கள் ஊருக்கு மாறி வந்தார். இருபத்தாறு வயது. பாடசாலையில் எல்லே விளையாடியவர். பயிற்சிக்கு வந்த முதல் நாளே வேலிக்கு வெளியே மூன்று பந்து அடித்தார். மூன்றாவதை இன்றுவரை யாரும் கண்டெடுக்கவில்லை. ஆனால் பெயர்ப் பட்டியலில் பதினைந்து பேருக்குத்தான் இடம். பருவத்தின் நடுவில் ஒருவரை எடுத்தால் ஒருவரை வெட்ட வேண்டும். நான் இரண்டு பக்கத்தில் கணக்கெழுதி, கோடு போட்டு, அமெரிக்கனின் மேசையில் வைத்தேன். அவர் நான்கு நாள் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் வந்து, “சரி. ஆனால் நீங்கள்தான் அவருக்குச் சொல்ல வேண்டும். உங்கள் மொழியில் சொன்னால் நோகாது” என்றார்.

ஒன்பது மணி இடைவேளையில் உணவறையில் சொன்னேன். மன்னார்க்காரர் கறுப்புப் பாணுக்குள் மாசிச் சம்பல் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“தம்பி, ஒரு கதை கதைக்கவேணும்.”

பாணைக் கீழே வைத்துவிட்டார். “என்னண்ணை, பொலிசால ஏதும் அறிஞ்சியளோ?”

“அதில்லை. பந்து விசயம்.”

“பந்தோ.” மறுபடி பாணை எடுத்தார். “சொல்லுங்கோ.”

தாளை விரித்து வைத்துச் சொன்னேன். அவர் தாளைப் பார்க்கவில்லை.

“என்னை நிப்பாட்டப் போறியளோ?”

“நான் இல்லை. அணி.”

“அணி எண்டால் நீங்களும் அமெரிக்கனும்தானே அண்ணை. மற்ற ஆக்கள் சும்மா நிக்கிறவை. நானும் சும்மாதான் நிக்கிறன்.” சிரித்தார். பிறகு, “விளையாட விடாதேங்கோ, பரவாயில்லை. வாங்கில இருத்துங்கோ. பெயரை மட்டும் வெட்டாதேங்கோ” என்றார்.

“பதினைஞ்சுக்கு மேலை ஏலாது. ஒண்டு வந்தால் ஒண்டு போகவேணும். அது ரூல்.”

“மச்சான்மாரில ஒண்டை வெட்டலாம்தானே. ரெண்டு பேரும் சேந்து ஒரு ஆள்மாதிரியும் இல்லை.”

“அவை பதினாலு ஹிட், பதினொரு ஹிட்.”

“ஓ. நான்?”

“நாலு.”

“முதல் அணி எண்டு கடிதத்தில எழுதித் தந்தனீங்கள்.”

“அப்ப அது உண்மை.”

“இப்ப?”

நான் தாளை மடித்தேன்.

“சரி அண்ணை” என்றார். “கடிதம் அங்கை போயிட்டுது. அதில முதல் அணிதான். அதை இனி ஒருத்தரும் மாத்தேலாதுதானே.”

இந்தக் கடைசி வசனம்தான் என் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மாற்ற முடியாது என்றால், அங்கே இருப்பது பொய். இன்றைக்கு உண்மையில்லாத ஒன்று என் கையெழுத்தோடு பொலிசில் கிடக்கிறது. நில அளவைக் கந்தோரில் எல்லைக்கல் ஒன்று இடம் மாறினால் அன்றே மேலிடத்துக்கு எழுத வேண்டும்; எழுதாவிட்டால் முழுக் கோப்பும் சந்தேகத்துக்குள்ளாகும். கோப்புகள் அப்படித்தான் கெட்டுப்போவதைப் பத்தொன்பது வருடம் பார்த்தவன் நான். நாளைக்கு யாரோ ஒருவன் கழகத்துக்குத் தொலைபேசி எடுத்து, இவர் விளையாடுகிறாரா என்று கேட்டால்? இல்லை என்று பதில் போனால்? மனைவி, பிள்ளை பற்றி அவர் எழுதியதும் பொய்யென்று நினைக்கமாட்டார்களா?

ஆகவே ஒரு திருத்தக் கடிதம் எழுதினேன். இன்ன திகதி அனுப்பிய கடிதத்தின் மூன்றாம் வரி இன்று முதல் பொருந்தாது, இவர் தற்போது முதல் அணியின் ஆட்டக்காரர் அல்லர், கழகத்தின் அங்கத்தவராகவே இருக்கிறார் என்று. எழுதி முடித்ததும் இன்னொரு பயம். ஏன் நீக்கினார்கள், ஏதும் ஒழுக்கக் குறைவா என்று நினைத்துவிட்டால்? அதனால் இன்னும் இரண்டு வரி சேர்த்தேன். நீக்கத்துக்குக் காரணம் நடத்தை அல்ல, நாற்பத்தொரு தடவையில் நான்கு ஹிட் மட்டுமே பெற்றதுதான் என்று. கழகச் செயலாளர் என்ற முறையில் நானே கையொப்பமிட்டு, முத்திரை ஒட்டி அனுப்பினேன். அவரிடம் சொல்லவில்லை. அவருக்கு நன்மை செய்வதாகவே நினைத்தேன். இதை எழுதும்போது கூட அப்படி நினைத்தது பொய்யில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு மனைவியிடம் சொன்னேன். அவள் சட்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

“பொலிசுக்கே ஸ்கோர் அனுப்பினீங்களோ?”

“திருத்தம் அனுப்பினன்.”

“அந்த மனுசன்ர பெண்சாதி பிள்ளையள் வாறதுக்கும் அவர் பந்து அடிக்கிறதுக்கும் என்னப்பா சம்பந்தம்?”

“சம்பந்தம் இல்லையெண்டால் முதல் கடிதம் ஏன் கேட்டவர்?”

“அவர் ஏன் கேட்டவர் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?” என்றாள். மடித்த சட்டையை உதறித் திரும்ப மடித்தாள்.

மட்டக்களப்புக்காரர் நன்றாகத்தான் விளையாடினார். மிச்ச ஆறு ஆட்டங்களில் இரண்டில் வென்றோம். உண்மையான வெற்றிகள், ஒன்பது பேரோடு வந்த அணிகளுக்கு எதிராக. ஓகூஸ் நகர அணியை வென்ற அன்றைக்கு நான் கொப்பியில் சிவப்பு மையால் எழுதினேன். அதற்கு மேல் அந்தக் கதையில் ஒன்றுமில்லை. மாரிகாலத்தில் அவருக்குக் கோல்டிங்கில் வேலை கிடைத்தது. அடுத்த கோடையில் கோல்டிங் அணியின் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. எங்களுக்கு எதிராக ஐந்து ஹிட் அடித்துவிட்டு, ஆட்டம் முடிய என்னிடம் வந்து, “அண்ணன், எல்லாம் சரியா எழுதினீங்களா?” என்று கேட்டார். சரியாகத்தான் எழுதியிருந்தேன்.

மன்னார்க்காரர் வருவதை நிறுத்தவில்லை. பெயரை வெட்டிய பிறகும் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். சுண்ணாம்புக் கோடு போட்டார், மட்டைகளைத் துடைத்து அடுக்கினார், ஆட்டம் தொடங்கினால் என் பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் இருக்கும்போது எழுத எனக்குக் கை வசதியாயிராது. அவர் ஒன்றும் கேட்கமாட்டார். நான்தான் கேட்பேன்.

“ஏதும் வந்ததோ?”

“இல்லையண்ணை.”

“இப்ப பதின்மூண்டு மாசம்.”

“ஓம்.”

பதினாறு மாதத்திலும் கேட்டேன், இருபதிலும் கேட்டேன். ஒரு நாள் என் மனைவி, “இனி அந்த மனுசனுக்கு மாசம் எண்ணிச் சொல்லாதேங்கோ. அவருக்கும் எண்ணத் தெரியும்” என்றாள். அதன் பிறகு கேட்பதை விட்டேன். எண்ணுவதை விட முடியவில்லை. ஒவ்வொரு மாத முடிவிலும், இந்த மாதம் என் கடிதத்தால் போனதா என்று யோசிப்பேன். மற்றவர்களுக்கும் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் மற்றவர்களின் கோப்புகளில் என் திருத்தம் இல்லை. அவர்களுக்கு வராததற்கு ஒரு காரணம், இவருக்கு மட்டும் இரண்டு காரணம் என்றே மனம் கணக்குப் போட்டது.

விண்ணப்பித்த முப்பத்தோராம் மாதம் அனுமதி வந்தது. மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்துக்கு அமெரிக்கன்தான் தன் காரில் அவரைக் கூட்டிப் போனார். பிறகு என்னிடம் சொன்னார், அந்தப் பிள்ளை தகப்பனுக்குக் கைகொடுத்ததாம், புதிய ஆசிரியருக்குக் கொடுப்பதுபோல.

அதற்கும் சில வருடங்களுக்குப் பிறகுதான் விசயம் முழுதாக வெளியே வந்தது. தமிழரின் குடும்ப விண்ணப்பங்களைத் தொடாமல் வைக்கும்படி மேலிடத்தில் ஓர் அமைச்சர் சொல்லியிருந்தார் என்று விசாரணையில் எழுதினார்கள். அரசாங்கமே பதவி விலகியது. அன்று தொலைக்காட்சிச் செய்தியில் தமிழர் என்ற சொல்லைப் பத்தொன்பது தடவை எண்ணினேன். அடுத்த நாள் உணவறையில் அமெரிக்கன் என் முன்னால் உட்கார்ந்து, “என் அணியில் ஒரு பந்தை ஒழுங்காகப் பிடிக்க மாட்டீர்கள். அரசாங்கத்தை மட்டும் வெளியேற்றிவிட்டீர்கள்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு உள்ளே வேறொரு ஆறுதல். அப்படியானால் என் கடிதத்தால் இல்லை. எத்தனையோ குடும்பங்கள் சிதறிக் கிடந்த ஒரு செய்தியில் எனக்கு ஆறுதல் கிடைத்ததைப் பற்றி நான் பெருமைப்படவில்லை.

அந்த நாட்களில் பலர் தங்கள் கோப்பின் பிரதியைக் கேட்டு வாங்கினார்கள். மன்னார்க்காரரும் வாங்கினார். ஒரு சனிக்கிழமை பின்னேரம் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். மகள் நீச்சல் வகுப்புக்குப் போயிருந்தாள்.

“பிள்ளைக்கு என்னைவிட நல்லா வாசிக்கத் தெரியும்” என்றார். “ஆனால் இதை அவள் வாசிக்கவேண்டாம். நீங்கள் ஒவ்வொரு பக்கமாச் சொல்லுங்கோ.”

அறுபத்துமூன்று பக்கம். அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். நான் வாசித்து வாசித்துச் சொன்னேன். பாதிரியாரின் கடிதம், ஆசிரியையின் கடிதம், மேல்மாடிக் கிழவியின் நடுங்கும் எழுத்து. முப்பத்தெட்டாவது பக்கத்தில் கழகத்தின் கடிதத்தாள்.

“இதெனக்குப் பாடம்” என்றார் அவர். “மூண்டாவது வரி.”

அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அதே கடிதத்தாள். இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பியிருக்கலாம். விரல் அப்படித்தான் போனது. ஆனால் கடிதத்தாளின் தலையில் இருந்த நீலப் பந்துப் படத்தை அவர் கண்டுவிட்டார்.

“இதுவும் எங்கட கழகமோ? ரெண்டு கடிதமோ?”

“ஓம்.”

“நீங்கள் ஒண்டுதானே தந்தனீங்கள்.”

வாசித்தேன். ஒரு வரியையும் விடவில்லை. மூன்றாம் வரி பொருந்தாது என்பதையும், நடத்தை காரணமல்ல என்பதையும், நாற்பத்தொன்றில் நான்கையும் தமிழில் சொன்னேன்.

அவருடைய மனைவிதான் முதலில் பேசினார். “எந்த மாசம் போட்டிருக்கு?”

“ஆடி.”

“அந்த ஆடிதான் நாங்கள் ரெண்டாவது அறைக்கு மாறினது” என்று அவரைப் பார்த்துச் சொன்னார். “யன்னல் இல்லாத அறை.”

மன்னார்க்காரர் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். “இந்த முத்திரை என்ன?”

“வந்து சேந்த முத்திரை.”

“இதுக்குப் பக்கத்தில ஒருத்தரும் ஒண்டும் எழுதேல்லையோ?”

“இல்லை.”

“அடுத்த பக்கம்?”

அடுத்த பக்கம் ஒன்றரை வருடத்துக்குப் பிந்திய திகதி. இடையில் ஒன்றுமில்லை. முன்பக்கம் போய்ப் பார்த்தோம். பாதிரியாரின் கடிதத்திலும் வந்து சேர்ந்த முத்திரை மட்டும். ஆசிரியையின் கடிதத்திலும் அப்படியே. ஒரு கோடு கீறியதில்லை, ஒரு சுருக்கொப்பம் வைத்ததில்லை.

“அப்ப இதை ஒருத்தரும் வாசிக்கேல்லை” என்றார்.

“ஓம். ஒருத்தரும் வாசிக்கேல்லை.”

“நல்ல கடிதத்தையும்.”

“நல்ல கடிதத்தையும்.”

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு, “நாலு இல்லையண்ணை. அஞ்சு” என்றார்.

“என்ன?”

“நான் அடிச்சது அஞ்சு. கோல்டிங்கில ஒண்டு அடிச்சன். நீங்கள் அதைப் பிழையெண்டு எழுதிப்போட்டியள்.”

“அது பிழைதான். பந்தெடுக்க வந்தவன் உங்கட மட்டையைக் கண்டு பயந்து பந்தை விட்டவன். நீங்கள் மட்டையோட ஓடினீங்கள்.”

“அவன் பயந்தது பிறகு. பந்து அதுக்கு முதலே அவனைத் தாண்டிப் போட்டுது. வாங்கில இருந்த எல்லாரும் கண்டவை. நீங்கள் குனிஞ்சு எழுதிக்கொண்டிருந்தீங்கள்.” குரல் உயர்ந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். “பொலிசுக்கு எழுதினால் சரியா எழுதவேணும். ஒருத்தரும் வாசிக்காட்டியும் சரியா எழுதவேணும்.”

அவருடைய மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மிச்சம் இருபத்துநான்கு பக்கத்தையும் வாசித்துச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

கொப்பியில் கோல்டிங் ஆட்டத்தைத் தேடினேன். அந்தக் கட்டத்தில் என் எழுத்தில் பிழை என்றுதான் இருக்கிறது. அதற்கு முந்திய கட்டத்தில் மை பிசகி, நான் அதைத் திருத்தி எழுதிய அடையாளமும் இருக்கிறது. அப்படியானால் குனிந்துதான் இருந்திருக்கிறேன். நிமிர்ந்தபோது கண்டது மட்டையையும் பயந்தவனையும் மட்டும். அவர் அடித்தால் அது ஹிட்டாக இருக்காது என்று அதற்கு முன்னமே எனக்கு ஒரு கருத்து இருந்தது. அதுவும் உண்மை.

பிழையை வெட்டி ஹிட் என்று எழுதினேன். ஓர் எண்ணை மாற்றினால் அந்த ஆட்டத்தின் கூட்டுத்தொகை, அந்தக் கோடையின் கூட்டுத்தொகை, கோல்டிங் அணியின் பிழைக் கணக்கு எல்லாம் மாறும். ஏழு இடத்தில் திருத்தினேன்.

அடுத்த கிழமை பேருந்துத் தரிப்பில் அவரைக் கண்டேன். ஈரமான பனி. இருவரும் காலை வேலைக்குப் போகிறோம்.

“கோல்டிங் அடியை மாத்திப்போட்டன்” என்றேன். “நாற்பத்தொண்டில அஞ்சு.”

தலையாட்டினார். பேருந்து வளைவில் திரும்புவது தெரிந்தது. சாயம் படிந்த விரல்களால் பயணச் சீட்டைத் தேடிக்கொண்டே கேட்டார்.

“அஞ்செண்டாலும் வெட்டியிருப்பியள்தானே அண்ணை?”

“ஓம்” என்றேன்.